பத்தாம் நாள் காக்கா

— வேற ஏதாவது சொல்லிப் பாரு அண்ணா. எனக்குப் புனேல வீடு வாங்கித் தர்றேன்னு நீ சொன்னதை அந்தக் காக்கா காதுலயே வாங்கல.

— கிண்டல் பண்ற நேரமா சுலபா இது? பிண்டம் வச்சு எவ்வளவு நேரமாச்சு. அரசமரம் பூரா காக்கா, ஒண்ணுகூட இறங்கல. நம்மளப் பெத்த ஆயி ஏதோ குறையை மனசுல வச்சுக்கிட்டுப் போயிருக்கா. அதைத் தீர்த்து வைக்கிறேன்னு சொன்னாத்தான் தொடும்.

— தொடும்.

— அது என்ன குறைன்னு தெரிஞ்சா சொல்லேன். மாமா வந்து கரும்புத் தோட்டத்தைப் பாத்துக்குறேன்னு கும்பிட்டுட்டுப் போயிட்டார். அத்தை பேத்திக்கு ஆயி பேரை வைக்கிறேன்னா. நானும் ஆஸ்பத்திரி கட்டுறேன்னேன், பள்ளிக்கூடம்னேன்.

— தேர்தல்ல நிக்கிற ஆள் மாதிரியே பேசின. ஆயிக்கு இப்ப ஓட்டு இல்ல.

— உச்சி வெயில் வரைக்கும் பாப்பாராம் குருஜி. அதுக்கப்புறம் தர்ப்பைப் புல்லுல ஒரு காக்கா முடிஞ்சு, அதைத் தொட வச்சு முடிச்சிருவாராம்.

— முடிக்கட்டும். டூப்பு காக்கா. நம்ம வீட்டுக்கு அது ஒண்ணும் புதுசு இல்லையே.

— மெதுவாப் பேசு. அந்தப் பக்கம் கேமரா நிக்குது.

— நிக்கட்டும். நீ வர்ற இடத்துல அது நிக்காம இருந்தாத்தான் அதிசயம்.

— இதப் பாரும்மா. இந்தத் தடவை நான் எதுலயும் குறை வைக்கல. தலையை மழிச்சுட்டேன், மீசையை எடுத்துட்டேன். ஒரு வேளைச் சோறு, வெறுந்தரையில படுக்கை. மும்பைல செட்டு போட்டுக் காத்திருந்தாங்க, வர முடியாதுன்னு சொல்லிட்டேன்.

— இந்தத் தடவை.

— ஆமா. இந்தத் தடவை.

— அப்பாவோட பத்தாம் நாளும் இதே கராட் ஆத்தங்கரைதான். நான் அப்ப மூணாங்கிளாஸ். அக்கரைல கயிறு கட்டி நிறுத்தின கூட்டம் "ரணதீர், ரணதீர்"னு உன் சினிமாப் பேரைச் சொல்லி மாரடிச்சு அழுதுச்சு. இங்க பிண்டத்துக்கு முன்னால, மொட்டைத் தலைல துண்டை முகம் மறையப் போத்திக்கிட்டு உக்காந்திருந்தது யாரு? தோண்டிபா. குதிரைல இருந்து, மாடில இருந்து உனக்குப் பதிலா விழறவன், அன்னிக்கு அப்பாவுக்குப் பிள்ளையாவும் உக்காந்தான்.

— படம் எடுத்த சேட்டு கேக்கல சுலபா. ஏழு மாசமா வளத்த முடி, பாதிப் படம் அந்த முடியோட எடுத்தாச்சு. மொட்டை அடிச்சா விக் வைக்கணும், முகத்துக்குக் கிட்ட வந்தாத் தெரிஞ்சுரும்னார். "உன்னை மாதிரியே ஒருத்தன் இருக்கான்ல, தூரத்துல நிக்கிற ஜனத்துக்கு என்ன தெரியும்"னார். நான் அப்பத்தான் மேல வந்துக்கிட்டிருந்தேன். அந்தப் படம் போச்சுன்னா திரும்ப நாடகக் கம்பெனில திரை இழுக்கப் போயிருப்பேன்.

— அதனால தலையாட்டின.

— ஆட்டினேன்.

— முடியோட. சரி, அதோட விட்டியா? படம் ஓடினதும் பத்திரிகைக்காரன் என்ன எழுதினான்? பெத்தவனுக்காக மொட்டை போட்டு, விக் வச்சு நடிச்ச உத்தமப் பிள்ளைன்னு எழுதினான். நீ இல்லைன்னு சொல்லல. பல வருஷம் கழிச்சு விருது வாங்கின மேடைல அதையே நீயும் சொன்ன, கண்ணு வேற கலங்குச்சு. நான் ஹாஸ்டல் டிவில பாத்தேன். கூட இருந்த பொண்ணுங்க அழுதுச்சுங்க. நான் எழுந்து போய்த் துணி துவைச்சேன்.

— அது நடிப்பு இல்ல.

— இல்லையா?

— பாதி இல்ல.

— அப்பா உன் படம்னு பாத்தது ஒண்ணே ஒண்ணுதான். வெளிய வந்து, "குதிரைல இருந்து விழுந்த இடம் நல்லா இருந்துச்சு"ன்னார். அதுவும் தோண்டிபா. அப்படி விழுந்ததுல அவனுக்குத் தோள் எலும்பு போச்சு.

— போதும். நீ கேமராக்காரங்களைக் கூப்பிடு. எல்லாரையும் கிட்ட வரச் சொல்லு. அப்பாவுக்குப் பிண்டம் வச்சவன் நான் இல்ல, இத்தனை வருஷம் ஊரை ஏமாத்திட்டேன்னு இந்தக் கரையில நின்னு சொல்லிடுறேன். ஆயி அதைத்தான் கேக்குறா. என் பேரு போனாப் போகட்டும்.

— உக்காரு.

— நிஜமாத்தான் சொல்றேன்.

— நிஜமாத்தான். சொல்லிட்டு அப்படியே மண்ணுல சாய்வ, தூக்க நாலு பேர் ஓடி வருவாங்க. நாளைக்குப் பேப்பர்ல, உண்மையைச் சொன்ன மகான்னு போடுவான். தப்பை ஒத்துக்குறதுக்குக்கூட உனக்குக் கூட்டம் வேணும்ல? ஆயிக்கு நீ சொல்லித் தெரிய வேண்டியது ஒண்ணும் இல்ல. அன்னிக்கே தெரியும் அவளுக்கு.

— என்ன தெரியும்?

— பிண்டம் வச்சுட்டு வந்து தோண்டிபா அவ கால்ல விழுந்தான். தூக்குறதுக்குத் தோளைத் தொட்டா. எலும்பு கூடின இடம் முண்டு கட்டியிருந்துச்சு. "என் பிள்ளைக்கு ஒரு எலும்பும் உடைஞ்சதில்லையே"ன்னு நினைச்சாளாம். எனக்குச் சொன்னது அவதான், நான் காலேஜ் சேர்ந்த வருஷம்.

— என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே.

— உன்னைக் கேக்கல. அவனைக் கேட்டா. "தம்பி, உங்கப்பா இருக்காரா?"ன்னு. இருக்கார்னான். அப்படியே உக்காந்துட்டாளாம்.

— அதுல என்ன?

— நீ அதை யோசிச்சதே இல்ல, இல்ல? அப்பன் உயிரோட இருக்குறப்ப எவனாவது தலையை மழிப்பானா, மீசையை எடுப்பானா? அந்தக் கோலத்தோட ஊருக்குப் போயிருக்கான். "எனக்கு உயிரோட கொள்ளி வச்சுட்டு வந்திருக்கியா"ன்னு அந்த மனுஷன் கதவைச் சாத்திட்டார். எதுக்காக மழிச்சேன்னு சொல்ல இவனுக்கு வாய் இல்ல. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு உன் சேட்டு அவனைக் குலதெய்வத்து மேல சத்தியம் பண்ண வச்சுட்டான். அன்னிலருந்து நம்ம தோட்டத்து அறைலதான் கிடக்கான்.

— சினிமா சலிச்சுப் போய் இங்க வந்துட்டான்னு நினைச்சேன்.

— உனக்கு வசதியா எதுவோ அதைத்தான் நினைப்ப. ஆயி தானே போய் அந்தப் பெரியவர்கிட்டப் பேசுறேன்னு கிளம்பினா. இவன் காலைப் பிடிச்சுத் தடுத்துட்டான், சாகேப் பேரு கெட்டுரும்னு. அப்புறம் ஆயியும் சொல்லிட்டா, பேச வேண்டியது என் பிள்ளை பாண்டுதான், அவன்தான் போகணும்னு. நீ வர்றப்பல்லாம் உன்கிட்ட என்ன சொல்வா?

— "ஒரு தடவை தோண்டிபாவோட ஊருக்குப் போயிட்டு வாடா, அவங்கப்பாவைப் பாருடா"ம்பா. அடுத்த தடவைன்னு சொல்லிட்டு வண்டி ஏறிருவேன். ஒரு டிவி அனுப்பி வச்சேன் அவங்க வீட்டுக்கு.

— பிரிக்காமலே திரும்பி வந்துச்சு. கோழிக்கூண்டுக்குப் பக்கத்துல இருக்கு, போய்ப் பாரு.

— சுலபா, ஆயிரம் பேர் முன்னால சொல்லிருவேன். அந்த ஒரு கிழவர் முன்னால போய் உக்காந்து, உம் பிள்ளையை உங்கிட்டருந்து பிரிச்சவன் நான்தான்னு எப்படிச் சொல்றது? அவர் என்னைப் பாப்பாரே.

— பாப்பார்.

— திட்டுவார்.

— திட்டினா நல்லது. அதான் ஆயி கேக்குறது. ஆஸ்பத்திரி இல்ல.

— சாகேப், குருஜி தர்ப்பையைக் கைல எடுத்துட்டார். தலை வேற வெறுந்தலை, வெயில் ஏறுது. நிழலுக்கு வாங்க. தாயி, நீங்களாவது சொல்லக் கூடாதா?

— தோண்டிபா, இங்க வா. கிட்ட வா. இவ எல்லாத்தையும் சொல்லிட்டா.

— எதைச் சொன்னாங்க?

— உங்கப்பாவை. கதவு சாத்தினதை.

— ஏன் தாயி? அதெல்லாம் பழைய கதை. சாகேப் வருத்தத்துல இருக்கிற நேரம்.

— அவர் வருத்தப்படட்டும் தோண்டிபா. உனக்கு என்ன அவசரம், அதுக்கும் நீ போய்க் குறுக்க விழறதுக்கு?

— நான் ஆயிக்கு வாக்குக் குடுக்கப் போறேன். உன்னைக் கூட்டிக்கிட்டு உங்கப்பாகிட்டப் போறேன்.

— வேணாம் சாகேப்.

— ஏன் வேணாம்?

— செத்தவங்ககிட்டச் சொன்னா அதைச் செய்யணும். சும்மா சொல்லக் கூடாது. வேற ஏதாவது சொல்லுங்க. ஆயிக்குத் தண்ணிப் பந்தல் வைக்கிறேன்னு சொல்லுங்க, பிரியமா இருப்பாங்க.

— தள்ளு. சுலபா, அந்தக் கேமராக்காரங்களைப் படிக்கட்டுக்கு மேல போகச் சொல்லு. இது அவங்களுக்கு இல்ல.

— போயிட்டாங்க. பேசு.

— ஆயி. பாண்டு பேசுறேன். ரணதீர் இல்ல. தோண்டிபாவைக் கூட்டிக்கிட்டு அவங்கப்பா வீட்டுக்குப் போறேன். கதவைச் சாத்தினா வாசல்ல உக்காந்திருக்கேன். அன்னிக்கு எனக்காகத்தான் மழிச்சான்னு சொல்றேன். எனக்கு என் முடி பெருசாப் போச்சுன்னு சொல்றேன். அடிச்சா வாங்கிக்குறேன். பயமா இருக்கு ஆயி. ஆனாப் போறேன்.

— அண்ணா, அசையாத.

— என்ன?

— இறங்குது. கீழ்க் கிளைல இருந்து ஒண்ணு. அசையாதன்னா.

— நான் பாக்கல. நீ பாத்துச் சொல்லு.

— தொட்டுருச்சு. தொட்டுருச்சு அண்ணா. சோறு வாயில இருக்கு பாரு.

— ஆயி... சுலபா, என் கையைப் பிடி. கேட்டுட்டா. இத்தனை வருஷம் அவ கேட்டது இவ்வளவுதான், நான்தான்... வண்டியை எடுக்கச் சொல்லு. வீட்டுக்குப் போகல, நேரா தோண்டிபா ஊருக்குத்தான். தோண்டிபா, முன்னால வந்து உக்காரு, வழி சொல்லணும். உங்கப்பா இந்நேரம் வயல்ல இருப்பாரா, வீட்டுல இருப்பாரா?

— சாகேப்.

— சொல்லு.

— நீங்க ஆயிகிட்டச் சொல்றதுக்கு முன்னாலயே நான் தடுத்தேன்ல.

— தடுத்த. அதான் ஏன்னு கேட்டேன்.

— தோண்டிபா, என்ன ஆச்சு? முகத்தைக் காட்டு.

— அப்பா போயிட்டார் தாயி. ஆயிக்கு உடம்பு ரொம்ப மோசமான அந்த வாரத்துல. "உங்கப்பா நல்லா இருக்காரா"ன்னு ஆயி தினம் கேப்பாங்க. இருக்கார்னே சொல்லிட்டேன்.

— எங்ககிட்டயும் சொல்லலையே. ஊருக்குப் போனியா, இல்லையா?

— போனேன். கொள்ளிக்குக் கை நீட்டினேன். என் தம்பி தரல. "நீதான் எப்பவோ அப்பாவுக்கு வச்சாச்சே"ன்னான்.