அண்ணன் சம்மதித்த தரை

மரவேலை செய்கிறவனுக்குக் காலடியில் தரை கொஞ்சம் மெத்தென்று இருக்க வேண்டும், ஐயா. கைதவறி உளி விழுந்தால் கான்கிரீட்டில் அதன் வாய் சிதறிவிடும். மண் தரையில் குத்தி நிற்கும். துடைத்துவிட்டு வேலையைத் தொடரலாம். தரையை ஏன் மாற்றினாய் என்று கேட்டீர்கள். முதல் காரணம் அதுதான்.

பட்டறை எனக்கும் அண்ணனுக்கும் பொது. கட்டில் கால், நாற்காலிக் கால் கடைந்து கொடுப்போம். பழைய கான்கிரீட் தரை நடுவில் விரிசல் விட்டு, இயந்திரம் ஓடும்போதெல்லாம் தூசியைக் கக்கியது. மண் தரை போடலாம் என்றேன். அண்ணன் சிரித்தார்.

"கிளறிக்கிட்டே வேலை செய்ய நாம என்ன கோழியாடா?"

ஓராண்டு எடுத்துச் சொன்னேன். மாதிரிக்கு ஒரு சதுரம் செய்து, எண்ணெய் ஊட்டி, பளபளவென்று காட்டினேன். அதை வாசலில் போட்டு அதன்மேல் செருப்பை விட்டார். பிறகு ஒருநாள், "என்னவோ பண்ணித் தொலை" என்றார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டு உடைக்கத் தொடங்கினேன்.

தரையைச் சுத்தியால் தட்டினால் அடியில் என்ன இருக்கிறதென்று அதுவே சொல்லும். மண் இறுகிய இடத்தில் 'ணங்' என்னும். நடுவில் நான்கடி வட்டத்துக்கு மட்டும் 'தொம்' என்றது. விரிசல் வழியே ஆணி கட்டிய நூலை இறக்கினேன். பத்தடி போனது, ஆணி ஈரமில்லாமல் மேலே வந்தது. வற்றிய கிணறு. யாரோ பலகையால் மூடி மேலே கான்கிரீட் ஊற்றியிருக்கிறார்கள். பலகை இற்றுப்போனதால்தான் தரை விரிசல் விட்டிருக்கிறது. காரணம் பிடிபட்டபோது எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அந்த வட்டத்தை மட்டும் உடைக்காமல் விட்டுவைத்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அண்ணன் வந்தார்.

"நாளைக்குக் கலவை லாரி வருது. புதுசா கான்கிரீட்டே போட்டுடலாம். உடைச்சுக் குடுத்ததுக்கு தேங்க்ஸ்டா."

நான் மூன்று மாதமாகச் சலித்துக் குவித்த மண்ணைப் பார்த்தார். "இதை வெளிய கொட்டு. பூனைக்காவது ஆகும்."

பிறகு, பழைய தரையின் உறுதியைக் காட்டுவதற்காக, மிச்சமிருந்த வட்டத்தை நோக்கி நடந்தார். நான் அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று எனக்கும் திட்டமாகத் தெரியாது. ஓங்கி ஒரு மிதி மிதித்தார். வட்டம் அவரோடு கிணற்றுக்குள் போனது.

ஏணி சுவரில் சாய்ந்திருந்தது. பன்னிரண்டு படி, எட்டியிருக்கும். நான் விளிம்பில் உட்கார்ந்தேன். முதலில் திட்டினார். பிறகு கெஞ்சினார்.

"டேய், கால் போச்சுடா. ஏணியை இறக்குடா."

"அண்ணே, லாரி?"

"லாரி வேணாம்டா. மண் தரையே போடு. உன் இஷ்டம். நல்லா இருக்கும்டா."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் அதற்குமுன் கேட்டதேயில்லை. மேலே வந்தால் அது மாறிவிடும். அவரை எனக்குத் தெரியும்.

மண் தரைக்கு அடியில் உடைகல் போட வேண்டும். மண்ணின் நுண்ணிய துளைகள் ஈரத்தை மேலே இழுக்கும். பெரிய கற்களின் இடைவெளியில் அது ஏற முடியாது. அதனால் கான்கிரீட்டின் பெரிய துண்டுகளை முதலில் போட்டேன். பிறகு சின்னவை, பிறகு மண். பதினோராவது கூடை வரை பேசிக்கொண்டிருந்தார். பொழுது சாய்வதற்குள் நிரம்பிவிட்டது.

கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று அண்ணியிடம் சொன்னேன். முன்பும் ஒருமுறை அப்படி இரண்டு மாதம் போனவர்தான், நம்பினார்கள். அண்ணன் மனசு மாறிவிட்டது என்று லாரியைத் திருப்பி அனுப்பினேன். அது பொய்யில்லை.

தரை பிரமாதமாக அமைந்தது. மண்ணை உருண்டை பிடித்து நெஞ்சுயரத்திலிருந்து போட்டால் நாலைந்து துண்டாக உடைய வேண்டும், அதுதான் பதம். திமிசுக்கட்டையால் இடித்து இடித்து நான்கு அடுக்கு. அண்ணி தினமும் டீ கொண்டுவந்து அங்கேயே உட்காருவார்கள்.

"உங்க அண்ணன் வந்து பாத்தா அசந்துடுவார், தம்பி" என்பார்கள்.

ஏழாவது மாதம் அவர்கள் கீழே வைத்த கிளாஸ் சாய்ந்தது. சுற்றிலும் கையால் தடவிப் பார்த்தார்கள்.

"இந்த எடம் மட்டும் ஏன் தம்பி வட்டமா உள்வாங்குது?"

ஒன்று எப்படி நடக்கிறது என்று யாராவது கேட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது, ஐயா. அது என் குணம்.

"கொஞ்சம் கொட்டி இடிச்சு, கொஞ்சம் கொட்டி இடிச்சுதான் வரணும் அண்ணி. பத்தடியை ஒரே நாள்ல நிரப்பினா அப்புறம் இறங்கத்தான் செய்யும்."

அண்ணி கிளாஸை நிமிர்த்தினார்கள்.

"தரைக்கு எதுக்கு தம்பி பத்தடி?"

அதன்பிறகுதான் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. தவறு என்னுடையது, அன்றைக்கு அவசரப்பட்டுவிட்டேன். அடுக்கடுக்காக இடித்திருந்தால் இறங்கியிருக்காது.

நாளைக்குத் தோண்டும்போது மேல்தளத்தைச் சதுரம் சதுரமாக வெட்டி எடுக்கச் சொல்லுங்கள்; திரும்பப் பதிக்கலாம். இன்னொன்று. அண்ணனை மீறிச் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கடைசியில் அவரே மனதாரச் சொன்னார், நல்லா இருக்கும்டா என்று.