டுலூத் வரைக்கும் நாலு டயர்

— காரக் கீழ இறக்குங்க, ஆர்விட்.

— இப்பதான் ஜாக்கி வச்சுத் தூக்கினேன்.

— அதனாலதான் இறக்கச் சொல்றேன். செவ்வாய்க்கிழமை நான் ஃபீனிக்ஸ்ல என் மக வீட்டுல இருப்பேன். அங்க நவம்பர்லயும் ஜனங்க நீச்சல் குளத்துல கெடக்கறாங்களாம்.

— கேள்விப்பட்டேன்.

— அப்புறம் எதுக்கு என் காருக்குப் பனி டயர் மாட்டறீங்க?

— டுலூத் ஏர்போர்ட் வரைக்கும் ஓட்டிட்டுப் போகணும்ல, மார்லிஸ்.

— ரெண்டு மணி நேரம். அதுக்கு நாலு டயரா?

— மூணு மாட்டினா சாயும்.

— அது சரி. ஏர்போர்ட்ல விட்டுட்டுப் போனா என் அண்ணன் மகன் கர்ட் எடுத்துட்டுப் போய் வித்துடப் போறான். வாங்கறவன் மாட்டிக்கட்டும்.

— வாங்கறவன் யாருன்னு எனக்குத் தெரியாது. உங்களத் தெரியும்.

— வீட்டையும் வசந்தம் வந்ததும் வித்துடணும்னு மக சொல்றா.

— யாரு வாங்குவா?

— யாராவது. பக்கத்து வீட்டுக்காரரு கேக்காமலே வந்து டயர் மாட்டுவாருன்னு சொல்லி வித்துருவேன்.

— எல்லாருக்கும் மாட்ட மாட்டேன்.

— டிக்கியில என்ன மூட்டை?

— வீட்டுப் பூனை வெளிக்கிருக்கப் போடற மண்ணு.

— என்கிட்ட பூனை இல்லையே.

— சக்கரம் பனியில வழுக்கினா அடியில தூவறதுக்கு. டுவேன் எப்பவும் ஒரு மூட்டை வச்சிருப்பான்.

— என் புருஷன் வச்சிருந்தாரு, சரி. அவரு போனா சாயந்தரம் திரும்பி வர்ற ஆளு. நான் ஒரேயடியா போறவ.

— போற வழியிலயும் வழுக்கும்.

— இந்தத் தகர டப்பா?

— மெழுகுவத்தி, தீப்பெட்டி. பனிக்குள்ள மாட்டிக்கிட்டா டப்பாவுக்குள்ள ஏத்தி வச்சுக்குங்க. கண்ணாடிய ஒரு விரக்கட தெறந்து விடுங்க. பின் சீட்டுல ரெண்டு கம்பளி இருக்கு. ஆள் வர்ற வரைக்கும் உறைஞ்சு போக மாட்டீங்க.

— எந்த ஆளு?

— நான்தான்.

— நான் பள்ளத்துல கெடக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— பின்னாலயே வந்துக்கிட்டிருப்பேன்.

— டுலூத் வரைக்குமா?

— அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கு.

— என்ன வேலை?

— இன்னும் யோசிக்கல.

— அப்படி நாய்க்குட்டி மாதிரி பின்னால வர்றதுக்கு, உங்க வண்டியிலயே என்னைக் கூட்டிட்டுப் போயிடலாமே. இந்தக் கார கர்ட் இங்கேயே வந்து எடுத்துக்குவான்.

— முடியாது.

— ஏன், உங்க வண்டிக்கு என்ன?

— வண்டி நல்லாத்தான் இருக்கு.

— அப்புறம்?

— என் கையால கொண்டு போய் விட முடியாது, மார்லிஸ். பின்னால வேணா வரேன். அவ்வளவுதான் என்னால முடியும்.

— காப்பி குடிக்கிறீங்களா?

— வேண்டாம்.

— ஊத்திட்டேன்.

— உங்களுக்கு எதுக்கு சிரமம்?

— பிடிங்க, கொட்டிரும்.

— அரை கப் போதும்.

— முழுசா ஊத்தியாச்சு. அந்த ஸ்பேனர வச்சுட்டுக் குடிங்க.

— அங்க போய் என்ன பண்ணுவீங்க?

— மக வீட்டுத் தோட்டத்துல ஆரஞ்சு மரம் இருக்காம். கையால பறிச்சுத் திங்கலாமாம்.

— ஆரஞ்சு இங்க கடையிலயே கெடைக்குது. நல்லாவே இருக்கு.

— அது சரி. டுவேன் செத்துப் போனதுலேருந்து வருஷா வருஷம் பனி விழறதுக்கு முன்னாடி வந்துடறீங்க. பேட்டரியப் பாக்கறீங்க, டயர மாத்தறீங்க, கண்ணாடி தொடைக்க உறையாத தண்ணி ஊத்தறீங்க. காப்பிய மூணு தடவ வேண்டாம்னு சொல்லிட்டுக் குடிக்கிறீங்க. வேற எதப் பத்தியாவது என்கிட்ட வாயத் தெறந்திருக்கீங்களா?

— பிரேக்கப் பத்தி சொன்னேன்.

— எப்ப?

— போன வருஷம். தேய்ஞ்சிருக்குன்னு.

— ஆமா, உருக்கமாத்தான் சொன்னீங்க. இங்க பாருங்க, ஆர்விட். என் மக கிரெட்சன் போன்ல என்ன கேட்டா தெரியுமா? 'ஏம்மா, அந்த ஊர்ல உன்னப் போகாதேன்னு சொல்ல யாராவது இருக்காங்களா'ன்னு கேட்டா.

— என்ன சொன்னீங்க?

— யாரும் இல்லன்னேன்.

— ம்.

— என்ன 'ம்'?

— தப்பா சொல்லிட்டீங்க.

— அப்ப சரியானதச் சொல்லுங்க. அவகிட்ட சொல்லிடறேன்.

— இந்தக் கடைசி நட்டையும் முறுக்கிட்டு சொல்றேன்.

— அத அப்புறம் முறுக்கிக்கலாம்.

— கழண்டிருந்தா சக்கரம் ஆடும்.

— கார் அந்தரத்துல நிக்குது. சக்கரம் எங்கயும் ஓடிடாது. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

— சக்கரத்தப் பாத்தே சொல்றேனே.

— சரி, எதையாவது பாத்துச் சொல்லுங்க.

— நீங்க போறது எனக்குப் பிடிக்கல. காலையில எழுந்ததும் உங்க சமையக்கட்டுல விளக்கு எரியுதான்னுதான் முதல்ல பாக்கறேன். அது எரிஞ்சாத்தான் எனக்கு அடுப்பு பத்த வைக்கவே தோணும். புதன்கிழமை காலையில அங்க இருட்டா இருந்தா நான் என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. இங்கேயே இருந்துடுங்க, மார்லிஸ். என்கூட இருங்க.

— ம்.

— ஏதாவது சொல்லுங்க. இவ்வளவு பேச்சு நான் ஒரே மூச்சுல பேசினதில்ல.

— பரவாயில்லாமத்தான் பேசினீங்க.

— டிக்கெட் எடுத்துட்டீங்களே, அது என்னாகறது?

— அத போன மாசமே வேண்டாம்னு சொல்லிட்டேன், ஊருக்கே தெரியும். நீங்க வெளிய பாஸ்டர் காரு பேட்டரியப் பாத்துக்கிட்டிருந்த ஞாயித்துக்கிழமை, சர்ச்சுல எழுந்து நின்னு எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டேன், நீங்களா வாயத் தெறக்கற வரைக்கும் உங்ககிட்ட மட்டும் யாரும் சொல்லிடாதீங்கன்னு.