இடது பக்கத்து லைட்டு

இல்ல இல்ல, நீங்க எந்திரிக்காதீங்க மாப்பிள்ள. அப்படியே நாற்காலியில உக்காருங்க, நான் பாத்துக்கறேன். தாடையில கம்பி போட்டு இறுக்கி வச்சிருக்கு, இந்த லட்சணத்துல நீங்க வந்து ஸ்பேனர் புடிக்கணுமாக்கும்? என் தங்கச்சி பாத்தா என் தாடையையும் பேத்துடுவா. அய்யோ, சிரிக்காதீங்க! வலிக்குதுல்ல? சிரிக்கவும் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல. சரி, நான் பேசறேன், நீங்க தலைய ஆட்டுங்க. நமக்குள்ள எப்பவுமே அப்படித்தானே.

என்ன கண்ணாலயே கேக்கறீங்க? இத ஏன் இவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்து உங்க வாசல்ல போட்டுக் குடையறேன்னா? சும்மாதான். எங்க வீட்ல தனியா உக்காந்து செய்யப் புடிக்கல.

இந்த போல்ட்டப் பாருங்க, எம் மாமியா மாதிரி, ஒரு இஞ்ச் நகர மாட்டேங்குது. படகு இழுக்கற ட்ரெய்லர்னா இதான் கதி. ஏரித் தண்ணிக்குள்ள முங்கி முங்கி எந்திரிக்கறதுல எதப் போட்டாலும் துருப்புடிச்சுப் போவுது. கொஞ்சம் எண்ணெய் விடுவோம். ஊறட்டும்.

இதான் இடது பக்கம். உங்க பைக் வந்து மோதினது. சிவப்பு மூடி சுக்குநூறு, பல்பு மட்டும் மூளியா நிக்குது. வலது பக்கம் நல்லாத்தான் இருக்கு, இருந்தாலும் ரெண்டையும் மாத்திடறேன். ஒண்ணு பழசு ஒண்ணு புதுசுன்னா வெளிச்சம் ஏறுக்குமாறா இருக்கும். பின்னாடி வர்றவங்களுக்கு ஒழுங்காத் தெரியணும்ல.

ம்... தெரியணும்.

ஆமா, தங்கச்சி சொன்னா. சாயங்காலம் ஆள் வந்து உங்க வண்டிய எடுத்துட்டுப் போறாராமே. சிலேட்ட நீட்டி வித்துடலாமான்னு கேட்டாளாம், நீங்களும் சரின்னு எழுதிட்டீங்களாம். எப்படி மாப்பிள்ள சரின்னு எழுதினீங்க? வீடு வீடாப் பார்சல் குடுக்கற மனுசன், வண்டி இல்லாம என்ன பண்ணுவீங்க? மூட்டையத் தலையில வச்சுக்கிட்டு நடப்பீங்களா? அவளையும் குத்தம் சொல்ல முடியாது. பயந்து போயிருக்கா. இனிமே உங்க கையில ஹேண்டில் பாரே குடுக்க மாட்டேன்னு பிள்ளைங்க தலையில அடிச்சு சத்தியம் பண்ணிட்டா.

உங்க அப்பா பேசின பேச்சு இருக்கே! எரியற லைட்டு கூடவா கண்ணுக்குத் தெரியல, கண்ணு என்ன பிடரியிலயா இருக்குன்னு, அத்தன பேர் முன்னாடி. நீங்க தரையப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. நான் பக்கத்துல உக்காந்து டீ குடிச்சேன். தலைய வேற ஆட்டினேன் மாப்பிள்ள. விடுங்க, வயசுப் பையன், கொஞ்சம் வேகமா வந்துட்டாருன்னு எடுத்துக் குடுத்தேன். நீங்க வேகமா வந்தீங்களா இல்லையான்னு எனக்கு என்ன தெரியும்? அந்த டீ இன்னும் எனக்கு இறங்கல.

இருங்க, ஒயர உரிச்சுக்கறேன். இந்த ட்ரெய்லர்ல வெள்ளை ஒயர்தான் எர்த்து. இது சரியில்லன்னா மத்தது எல்லாம் இருந்தும் வீண்.

அடிபட்ட அன்னிக்குப் படகுக்காரரு, படகச் சீக்கிரம் கொண்டாந்து சேருன்னு போன்ல உசுர எடுத்துட்டாரு. எங்க இருக்க, எப்ப வருவன்னு ஒரே கத்தல். படகக் கயித்தால இழுத்துக் கட்டினோம்ல, அப்பக் கூட ஒரு காதுல போன். நீங்க ஏரிக்கரைப் படகுக் கொட்டகையப் பூட்டிட்டு பின்னாலயே வர்றேன்னு சொன்னீங்க, நான் கெளம்பிட்டேன். பொழுது சாஞ்சிடுச்சு. அந்த வளைவுல ஒரு நாய் குறுக்க ஓடுச்சு, பிரேக்க மிதிச்சேன், பின்னாடி டமார்னு ஒரு சத்தம்.

எறங்கி ஓடி வந்தேன். ட்ரெய்லருக்குப் பின்னால குப்புறக் கெடந்தீங்க. திருப்பினேன், மூஞ்சியெல்லாம் ரத்தம். லைட்டு எரியுதா இல்லையான்னு யார் பாத்தா? சத்தியமா பாக்கல. ஆள் கூட்டிட்டு வர பெட்ரோல் பங்குக்கு ஓடினேன். ஓடும்போதுதான் நெனப்பு வந்துச்சு. பிளக்கு!

உங்களுக்குத் தெரியாததா? ட்ரெய்லரத் தண்ணியில இறக்கறதுக்கு முன்னாடி காரோட சேர்ற பிளக்கக் கழட்டிடணும், இல்லன்னா சூடான பல்புல பச்சத்தண்ணி பட்டுத் தெறிச்சிடும். கரைக்கு வந்ததும் மறக்காம மாட்டணும். கழட்டினது ஞாபகம் இருக்கு. மாட்டினது எவ்வளவு யோசிச்சும் ஞாபகம் வரல.

ஆளுங்களோட திரும்பி வந்தா, வலது பக்கத்து லைட்டு எரியுது. நல்லா சிவப்பா, ஜம்முன்னு எரியுது. அப்பாடான்னு இருந்துச்சு மாப்பிள்ள. நீங்க உசுரோட இருக்கீங்களான்னு பாக்கறதுக்கு முன்னாடி அப்பாடான்னு இருந்துச்சு. வெக்கமா இருக்கு, சொல்றதுக்கே நாக்கு கூசுது.

போலீசுக்காரரு கேட்டாரு, லைட்டு எரிஞ்சுதான்னு. எரியுது பாருங்க சார்னு கை காட்டினேன். அதுல பொய் ஒண்ணும் இல்லியே? அப்படித்தான் மூணு வாரமா எனக்கு நானே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். என்னையறியாம மாட்டியிருப்பேன், கை பழக்கத்துல மாட்டியிருக்கும்னு. ஆனா ஒண்ணு மட்டும் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. பின்னாடி விழுந்து கெடந்த மனுசன், நான் திரும்பி வரும்போது முன்னாடி, காருக்கும் ட்ரெய்லருக்கும் நடுவுல சாஞ்சு உக்காந்திருக்கீங்க. எப்படி அங்க வந்தீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல நான். கேட்டா நீங்க சொல்லிடுவீங்களோன்னு பயம். தாடை பேச முடியாமக் கெடந்தது எனக்கு வசதியாப் போச்சு. பாத்தீங்களா உங்க மச்சான் புத்திய?

இந்தாங்க, புது லைட்டு ரெண்டும் மாட்டியாச்சு. கொஞ்சம் தள்ளி நின்னு பாக்கணும். எரியுதா? தலைய ஆட்டுங்க. எரியுது.

அன்னிக்கு அப்புறம் ட்ரெய்லரத் தொடவே இல்ல நான். இன்னிக்குக் காலையிலதான் ஒயர் மாத்தலாம்னு பிளக்கோட ரப்பர் மூடிய இழுத்தேன். உள்ள மடிப்புல கருப்பா என்னமோ காஞ்சு அப்பியிருந்துச்சு. கிரீசுன்னு நெனச்சு ஈரத்துணியால தொடச்சேன். துணி செவந்து போச்சு.

படகு இழுக்கற எம் பொழப்பு போயிடும்னுதானே மாப்பிள்ள? லைசென்ச புடுங்கிடுவாங்கன்னு. தாடை ரெண்டா ஒடஞ்சு தொங்கும்போது, இந்த முட்டாப்பயலுக்காக அவ்வளவு தூரம் தவழ்ந்து வந்து பிளக்க மாட்டி... அப்புறம் அத்தன ஏச்சையும் வாங்கிக்கிட்டு, வண்டிய விக்கறதுக்கும் சரின்னு எழுதி...

இல்லன்னு தலைய ஆட்டாதீங்க. நான் நம்ப மாட்டேன். சிலேட்டத் தேடாதீங்க, எழுதறதுக்கு ஒண்ணும் இல்ல. வந்த உடனே நடந்ததெல்லாம் சொல்லி அந்தத் துணிய தங்கச்சி கையில குடுத்துட்டேன். குடுத்துட்டுத்தான் இங்க வந்து உக்காந்தேன்.