இன்டர் மிலானுக்காக ஒரு நிகாஹ்

எனக்குத் தேநீரில் சீனி மட்டும் சரியாக இருந்தால் போதும். மற்றபடி நான் யாரிடமும் குறை காண்கிற ஆள் இல்லை. கண்டியில் என் துணிக்கடைக்கு வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஜவாஹிர் தங்கமான மனிதர் என்பார்கள்.

நஸீப் அப்போது என் கடையில் வேலை பார்த்தார். தாய் தகப்பன் இல்லாதவர். எங்கள் இருவருக்கும் இன்டர் மிலான் கால்பந்து அணி என்றால் உயிர். கஷ்டம் என்னவென்றால், அவர் என் வீட்டுக் கதிரையில் வந்து உட்கார்ந்து ஆட்டம் பார்த்தாலே இன்டர் தோற்கும். நல்ல பிள்ளைதான், ராசிதான் இல்லை. வராதே என்று முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதனால் 2009இல் பருவம் தொடங்கியதும் அவருக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தேன். பெரியவர் என்று அவருக்கு நான்தானே இருந்தேன். ஆட்டம் வருகிற நாளெல்லாம் தெல்தோட்டையிலோ ஹுன்னஸ்கிரியவிலோ ஒரு பெண் வீடு. தனியாக அனுப்பினால் வழியில் எங்காவது டீவிக்கு முன்னால் நின்றுவிடுவார் என்று நானும் கூடவே போனேன். இங்கே நாங்கள் வட்டிலப்பம் சாப்பிடுவோம், அங்கே இன்டர் வெல்லும்.

பெண்களில் ஒரு குறையும் இல்லை. அக்குறணையில் ஒரு டீச்சரைப் பார்த்துவிட்டு வந்து நஸீப் இரண்டு நாள் சிரித்துக்கொண்டே இருந்தார். "அந்தப் புள்ளைக்குக் கொஞ்சம் வாய் கூட, வேணாம்" என்று நான்தான் முடித்துவைத்தேன். ஆட்டங்கள் இன்னும் பாக்கி இருந்தன.

ஒரே ஒருமுறை தவறினேன். பார்சிலோனாவோடு இரண்டாவது அரையிறுதி அன்று எனக்குக் காய்ச்சல். நஸீப் பழம் வாங்கிக்கொண்டு வந்து பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார். இன்டர் தோற்றது. முதல் ஆட்டத்தில் போட்ட கோல்கள்தான் காப்பாற்றின.

இறுதிப் போட்டி ஒரு சனிக்கிழமை. அதற்குள் நான் வேண்டாம் என்று சொல்லாத வீடு சுற்றுவட்டாரத்தில் இல்லை. நஸீப் புதுமாப்பிள்ளையாக இருந்தால்தான் அன்றிரவு டீவி பக்கம் வரமாட்டார். என் வீட்டில், என்னை நானா நானா என்று சுற்றிவரும் தங்கை பஸ்லினா இருந்தாள். கம்பஸில் படிக்க இடம் கிடைத்துக் காத்திருந்தாள். "என்ன நானா இவ்வளவு அவசரம்?" என்று அழுதாள். கல்யாணத்துக்குப் பிறகும் கம்பஸுக்குப் போகலாம் என்றேன். போகவில்லை.

சனிக்கிழமை இருவருக்கும் நிகாஹ் முடிந்தது. அன்றிரவு இன்டர் ஐரோப்பியக் கிண்ணத்தை எடுத்தது. லீக்கும் இத்தாலியக் கிண்ணமும் ஏற்கெனவே கையில். மூன்றும் ஒரே பருவத்தில். எனக்குப் பெருமையாக இருந்தது.

மச்சானாகிவிட்டவரை வராதே என்று சொல்ல முடியுமா? அன்றிலிருந்து என் பக்கத்துக் கதிரை அவருடையது. ஐரோப்பியக் கிண்ணம் திரும்பி வரவேயில்லை. பாரிஸ் அணியிடம் ஐந்து கோல் வாங்கிய இறுதிப் போட்டிக்கும் பக்கத்தில்தான் இருந்தார்.

போன ஞாயிறு பஸ்லினாவிடம் இதையெல்லாம் ஒளிக்காமல் சொன்னேன்.

"அந்த வருஷம் ஜெயிச்ச ஆட்டம் ஒன்னையாவது நீங்க பாத்தீங்களா நானா?"

"எங்க பாக்கிற? பொண்ணு வீடு, கல்யாண வீடுன்னு அலஞ்சிட்டுல்ல இருந்தேன்."

"பார்சிலோனாவோட தோத்தத?"

"அத முழுசாப் பாத்தேன்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். அன்று வந்த தேநீரில் சீனியே இல்லை. பாவம், தன் புருஷனுக்கு ராசி இல்லை என்பதை எந்தப் பெண்ணால்தான் ஒத்துக்கொள்ள முடியும்.