கச்சத்தீவுக்கு இரண்டு பேர்

விடியற்காலை இரண்டே முக்கால் மணி. அகரத்திலிருந்து தாடிக்கொம்பு போகும் ரோடு. ஒரு லாரி இல்லை… நாய்கூட இல்லை. நம்ம பிராங்க்ளினுடைய பெரியப்பா சூசைராஜ் தனியாக நடந்து போகிறார். கைக்கு ஒன்றாக இரண்டு பை. ஆள் ஒருவர்தான். பை எதற்கு இரண்டு?

விக்னேஷ், சிரிப்பதென்றால் மொட்டை மாடியை விட்டுக் கீழே போய்ச் சிரி. பிராங்க்ளின் அழுதுகொண்டே என்னிடம் சொன்னது இது.

அவன் பெரியம்மா செபாஸ்தியம்மாளுக்கு ஒரே ஆசைதான். கச்சத்தீவு அந்தோணியார் கோயிலுக்குப் போகவேண்டும். வருடத்தில் இரண்டே நாள் திருவிழா, ராமேஸ்வரத்திலிருந்து படகு. பதினோரு வருடம் கேட்டாள். "பூ எடுக்குற நேரத்துல எங்கிட்டுப் போக? அடுத்த வருசம் பாப்போம்" என்று பதினோரு வருடமும் சொன்னார் மனுஷன். மல்லிகைத் தோட்டக்காரனுக்கு எந்த வருடம்தான் ஒழியும்?

இந்த வருடம் மனம் இறங்கினார். இருவருமாக உட்கார்ந்து ஃபாரம் நிரப்பி, ஆதார் ஜெராக்ஸ் வைத்து, போட்டோ ஒட்டிக் கொடுத்தார்கள். பெரியம்மா காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தாள். தண்ணீர் கேன், வாந்தி மாத்திரை, முறுக்கு. பொங்கல் கழிந்து மூன்றாம் நாள்… நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டாள்.

படகு லிஸ்டிலிருந்து அவள் பெயரை எடுக்கச் சொல்லுங்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். "பேர்தானே… கெடந்துட்டுப் போகுது" என்றார். அவள் பையையும் அவரே அடுக்கினார்.

அந்த ரோட்டில்தான்… பின்னால் சத்தம். டக்… சரக். டக்… சரக். வார் அறுந்து ஊக்கு குத்திய பெரியம்மா செருப்பு. கூடவே ஈர மல்லிகை வாசம். அவர் திரும்பவில்லை. திரும்பினால் இல்லாமல் போய்விடுவாளோ என்று பயம். "மெல்ல வா. வேன் நிக்கும்" என்று மட்டும் சொன்னார்.

வேனில் அவ்வளவு கூட்டம். அவர் பக்கத்து சீட்டில் மட்டும் யாரும் உட்காரவில்லை. ஏனென்று அவர்களுக்கே தெரியவில்லை.

ராமேஸ்வரத்தில் படகு ஏறும் இடத்தில் ஆபீசர் பெயர் வாசித்தார். "சூசைராஜ்." "இருக்கேங்கய்யா." "செபாஸ்தியம்மாள்." பெரியப்பா வாயே திறக்கவில்லை… பக்கத்திலிருந்து, "இந்தா இருக்கேன்." ஆபீசர் தலை நிமிராமல் குறித்துக்கொண்டார். லைஃப் ஜாக்கெட் இரண்டு கொடுத்தார்கள்.

அன்று ராத்திரி தீவில் சிலுவைப்பாதை, தேர். மணலிலேயே படுத்தார். அவள் போனபிறகு அன்றுதான் நன்றாகத் தூங்கினாராம். அவ்வளவு சந்தோஷம், பாவம்.

மறுநாள் திரும்பும் படகு. வேறு ஆபீசர். "செபாஸ்தியம்மாள்." பதில் இல்லை. மூன்று முறை கூப்பிட்டார். "அய்யா, உங்க சம்சாரம் எங்க? ஒருத்தர் கொறஞ்சாலும் படகை எடுக்க முடியாது."

"செத்த நேரம் பொறுங்க, வந்துருவா" என்று சொல்லியிருந்தால் போதும். காத்திருப்பார்கள். ஆனால் படகு மொத்தமும் அவரையே பார்க்கிறது. மனுஷனுக்குக் கூச்சம் பிடுங்கித் தின்கிறது. "அவ… செத்துப் போயிட்டா சார்" என்றார். இத்தனை நாளில் அந்த வார்த்தையை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆபீசர் முகம் வெளுத்தது. பெயர்மேல் கோடு போட்டார். இன்ஜின் உறுமியது. டீசல் புகை…

அப்போதுதான் கோயில் பக்கமிருந்து ஓடி வந்தாள். கையில் மெழுகுதிரி. இன்னும் ஒன்று ஏற்றப் போயிருப்பாள்போல. "நிப்பாட்டுங்கப்பா! என் பொண்டாட்டி நிக்கிறா!" என்று பெரியப்பா குதிக்கப் பார்க்க, நாலு பேர் அமுக்கிப் பிடித்தார்கள். அவர்கள் கண்ணுக்கு அது வெறும் கரை. அவள் கத்தவில்லை. கையை ஆட்டவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்று அவரையே பார்த்தாள்… அப்புறம் மணலில் போய் உட்கார்ந்துவிட்டாள். அவர் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது.

அந்தத் தீவில் குடியிருப்பு கிடையாது. அடுத்த திருவிழா வரை படகும் கிடையாது. இப்போதெல்லாம் பொழுது சாய்ந்தால் போதும், பெரியப்பா வீட்டில் உள்ள அத்தனை லைட்டையும் போட்டுவிட்டு வாசலில் நின்று தேம்பித் தேம்பி அழுகிறார். பிராங்க்ளின் என்ன கேட்டாலும் ஒரே பதில்தான்.

"அவளுக்கு இருட்டுன்னா பயம்டா."