போர்வையோடு போன பழி

நகராட்சிப் பதிவறையின் நாயகியே! தூசிக்கு அஞ்சாத துணிவே! தும்மித் தும்மியே தொன்மை காத்து இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் பதிவறை அம்மா அவர்களே, வணக்கம்!

முப்பத்திரண்டு ஆண்டுகள், சன்னலில்லாத அறையில், செல்லரித்த ஏடுகளுக்குச் செவிலித்தாயாக இருந்தீர்கள். "தலைப்பப் பாக்காம யார் தலையெழுத்தையும் எழுதாதீங்க" என்று தாங்கள் ஓயாமல் சொன்னபோதெல்லாம் சிரித்தோம். அந்தச் சிரிப்பை அடக்கிய நாளை இங்கே சொல்லியாக வேண்டும்.

கடல் கடந்த நாடொன்றின் உள்நாட்டுப் போரில், படைத்தலைவர்கள் பறிக்க வந்த மக்களாட்சியைக் காக்க, நம் ஊர்த் தொழிலாளர் பதினெட்டுப் பேர் புறப்பட்டுப் போனது நம் பெருமை. அவர்களுக்குச் சமைக்கப் போன ரொட்டிக்கடைக்காரரோ நம் வெட்கம்! அவர்களோடு போர்முனைக்குப் போய்வந்த பழைய பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே 'திரும்பவில்லை' என்றிருந்தது. இறந்தோர் பட்டியலிலும் அவர் இல்லை. ஓடிப்போனவர் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. எண்பது ஆண்டுகளாக அவர் மகள் தலைகுனிந்தே நடந்தார். போனவர்களின் நினைவுக்கல்லைப் புதிதாகச் செதுக்கும்போதும் அவர் பெயர் வேண்டாமென்று தீர்மானம் எழுதியாயிற்று. கையொப்பம் மட்டுமே பாக்கி.

அப்போதுதான் தங்கள் கண்ணில் பட்டது: அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருவராய்ப் போய், ஊருக்குத் திரும்பி, நாற்பது ஆண்டு நம் தெருவிலேயே வாழ்ந்து மறைந்த கொல்லரின் பெயருக்கு எதிரிலும் அதே 'திரும்பவில்லை'! பைண்டிங் தையலைப் பொறுமையாகப் பிரித்தீர்கள். உள்ளே மடிந்து கிடந்தது தலைப்பு: 'கொடுத்த போர்வை'. திரும்பாதது ஆளல்ல அம்மா, போர்வை! ஓரத்தில் யாரும் படிக்காத பென்சில் குறிப்பும் இருந்தது: 'குண்டு விழுந்தபோதும் ரொட்டிக்காரர் அடுப்பை விட்டு நகரவில்லை. அவர் போர்வையிலேயே சுற்றிப் புதைத்தோம்.'

செய்தி கேட்ட மகள் தங்கள் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எங்கப்பா ஓடலையா? அப்பாடா! இனிமே நிமிந்து நடக்கலாம். இந்த முதுகுதான் விடமாட்டேங்குது" என்று அழுதபடியே சிரித்தார். எங்களுக்கும் அன்றுதான் மூச்சு வந்தது. தீர்மானத்தைக் கிழித்தோம். இன்று கல்லில் பத்தொன்பது பெயர்கள் இருக்கின்றன.

எழுத்தைத் துலக்கிய எங்கள் அன்னையே! தும்மலில்லாத காலைகளும் தூசியில்லாத காற்றும் வாய்த்து, நோய்நொடியின்றி நூறாண்டு வாழ்க! தங்கள் கையைவிட்டு அகலாத அலுவலக உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தங்களிடமே விட்டுவிடுகிறோம். 'கொடுத்த பொருள்' என்று தலைப்பைக் கொட்டை எழுத்தில் எழுதி, கீழே இப்படிப் பதிந்திருக்கிறோம்: 'கண்ணாடி: திரும்பவில்லை.' நாளை எவரும் தங்களை ஓடிப்போனவர் என்று சொல்லிவிடக் கூடாதல்லவா!

இனித் தலைப்பைப் பார்த்தே படிக்கும்,
நகராட்சி அலுவலகப் பணியாளர்கள்