பைனி ஃபோர்க் சுரங்கப் பலகை

சாலையோரம் நிற்கும் வரலாற்றுப் பலகைகளைக் காரை நிறுத்தி யாரும் படிப்பதில்லை. எங்கள் ஊர்ப் பலகையை மட்டும் நான் வாரம் தவறாமல் துடைத்துவைப்பேன். வாசகம் என்னுடையது. 1961 மார்ச்சில் பைனி ஃபோர்க் சுரங்கம் வெடித்துப் பதினொரு பேர் இறந்தார்கள், லான்ஸோ ஸ்டிடம் என்ற தொழிலாளி உள்ளே தீக்குச்சி கிழித்ததே காரணம் என்று எழுதியிருக்கிறேன்.

அப்போது சுரங்கத்தில் வாயு பார்க்கிற வேலை எனக்கு. ஆட்கள் வருவதற்கு முன் விளக்கோடு போய்க் காற்றைச் சோதிக்க வேண்டும். நிலக்கரி வெட்டும் இடங்களிலும், கடைசியாக வாசல் பாறையிலும், சாக்பீஸால் தேதியும் என் பெயரின் முதலெழுத்துகளும் போட வேண்டும். வாசல் எழுத்தைப் பார்த்த பிறகுதான் ஆட்கள் நுழைவார்கள்.

போன மாதம் லான்ஸோவின் மகள் வெர்டி ஒஹையோவிலிருந்து வந்தாள். பலகையை மாற்றச் சொல்லிப் பாரம்பரியச் சங்கத்துக்கு மனுக் கொடுத்தாள். சங்கத் தலைவர் நான். சுரங்கத்துக் கம்பிக் கதவின் சாவியும் என்னிடம்தான் இருக்கிறது.

"ஹோபர்ட் மாமா, நான் சண்டைக்கு வரல. அப்பா செத்த இடத்துல உங்க எழுத்து இருக்கான்னு பாக்கணும். இருந்தா அந்தப் பலகைய இனிமே நானே தொடைக்கிறேன்" என்றாள்.

ஊரே அவள் அம்மாவை ஒதுக்கியபோது குளிருக்கு நிலக்கரி கொண்டுபோய்ப் போட்டவன் நான். அந்த நன்றிகூட இல்லை. முப்பத்து மூன்று வருஷம் நிம்மதியாக இருந்த ஊரை வந்து கிளறுகிறாள். அவள் தேடிய எழுத்து அங்கே கிடையாது. சுரங்கம் வெடித்த அன்று எனக்குக் காய்ச்சல். வாசலில் மட்டும் எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

மூடிக் கிடக்கும் சுரங்கத்தில் மூச்சுக்கு ஆகாத காற்று தேங்கும். வாடை இருக்காது, இருமல் வராது. கால் மடங்கும், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருந்தேன். அவள் வருவதற்கு முன்பே போய்க் கதவைத் திறந்து, வாசல் பாறையில் அன்றைய தேதியையும் என் எழுத்துகளையும் போட்டுவைத்தேன். உள்ளே போகவில்லை.

"காத்து சுத்தமா மாமா?"

"எழுதியிருக்கேனே, கண்ணு தெரியலையா?"

சிரித்தாள். சுரங்கக்காரன் மகள், எழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நுழைந்தாள். அறுபது அடி போனதும் டார்ச் வெளிச்சம் தரையில் விழுந்து அப்படியே கிடந்தது. அரைமணி நேரம் கழித்துப் போலீஸுக்கு, உங்களுக்குத்தான், போன் செய்தேன். என் பேச்சைக் கேட்காமல் போனாள் என்றேன். பாறையைத் துடைக்க மறந்துவிட்டேன்.

கொலை என்கிறீர்கள். நான் அவளைத் தொடக்கூட இல்லை. எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிடுவது அந்தக் குடும்பத்துப் புத்தி. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?